சுழியோடியின் கைக்கடிகாரமும் அதன் சுழல் வளையமும்

காலத்தை அறிதல் வேறு. கழிந்த காலத்தை அறிதல் வேறு. "இப்போது எத்தனை மணி?" என்பது முதலாவது வினா. "தொடங்கி எவ்வளவு நேரமாயிற்று?" என்பது இரண்டாவது வினா. நம் மலைநாட்டுத் தோட்டங்களில் பெரட்டுக் களத்துத் தப்பொலியும் தொழிற்சாலைச் சங்கொலியும் முதலாவது வினாவுக்கு விடை கூறிவந்தன. ஆயின் தேயிலை ஸ்டோரினுள்ளே நுழைந்துவிட்டால் அங்கே ஆட்சி செய்வது இரண்டாவது வினாவே. கொழுந்து வாடத் தொடங்கி எவ்வளவு நேரம், உருளையில் இட்டு எவ்வளவு நேரம், புளிக்கப் பரப்பி எவ்வளவு நேரம் என்று ஒவ்வொரு படியிலும் கழிந்த காலத்தையே அங்குள்ளோர் கணக்கிடுகின்றனர்.

இக்கட்டுரை எழுந்த காரணத்தை முதலிற் கூறுதல் முறையாகும். நம் பழைய மாணவர் ஒருவர் டிக்கோயாப் பள்ளத்தாக்கிலே பல்லாண்டு டீமேக்கராகப் பணியாற்றியவர். வெளிநாட்டிலே தொழில் செய்யும் அவருடைய மகன் சுழியோடிகள் அணியும் கைக்கடிகாரம் ஒன்றை அவருக்கு அனுப்பியிருந்தார். அதன் முகத்தைச் சுற்றியிருந்த வளையம் ஒரு பக்கமாக மட்டுமே திரும்பியது. நண்பர் அதனைப் பழுதென்று எண்ணினார். கடிகாரம் திருத்தும் ஒருவரிடம் கொடுத்து, அது இரு பக்கமும் இலகுவாகத் திரும்புமாறு செய்வித்தார். உள்ளிருந்த சிறு வில் ஒன்றை அத்திருத்துநர் எடுத்துவிட்டார்போலும். பின்னர் ஓரிரவு, ஒரு தூளை உலர்த்திக்கு அனுப்பவேண்டிய நிமிடத்தில் வளையத்தின் குறியை நிறுத்திவிட்டு வேறு வேலை பார்த்தார். கம்பளிச் சட்டையின் கை உரசி வளையம் நகர்ந்துவிட்டது. ஒரு கால் மணி நேரம் தவறிற்று. அத்தூள் அளவுக்கு மிஞ்சிப் புளித்துப்போயிற்று. "கடிகாரம் என்னை ஏமாற்றிவிட்டது" என்று நண்பர் நம்மிடம் கூறினார். கடிகாரம் அவரை ஏமாற்றவில்லை. ஏமாற்றக்கூடாது என்பதற்காக அமைத்த பொறியை அவரே அகற்றிவிட்டார். அன்று அவருக்கு விளக்கிய செய்திகளையே மாணவர்க்கும் பழைய மாணவர்க்கும் பயன்படுமாறு ஈண்டு விரித்து எழுதுகின்றோம்.

வளையம் செய்யும் வேலை

சுழியோடியின் கடிகார முகத்தைச் சுற்றி உலோக வளையம் ஒன்று உண்டு. அதிலே 60 நிமிடப் பிரிவுகள் பொறிக்கப்பட்டிருக்கும். பூச்சியத்துக்குரிய இடத்தில் ஒரு முக்கோணக் குறியும் அதன் நடுவே ஒளிரும் புள்ளியும் காணப்படும். நீரில் இறங்குபவர் அம்முக்கோணத்தை நிமிட முள்ளின் நுனிக்கு நேரே திருப்பி நிறுத்துகிறார். அதன்பின் நிமிட முள் வளையத்தில் எந்த எண்ணுக்கு நேரே நிற்கிறதோ, அதுவே கழிந்த நிமிடங்களின் தொகை. கூட்டலும் இல்லை, கழித்தலும் இல்லை.

ஓர் எடுத்துக்காட்டு. நிமிட முள் 47இல் நிற்கும்போது ஒருவர் இறங்குகிறார். பின்னர் பார்க்கும்போது முள் 12இல் நிற்கின்றது. வளையம் இல்லையெனின் அவர் 47ஐ நினைவில் வைத்திருத்தல் வேண்டும்; 60இலிருந்து அதனைக் கழித்து 13 பெறவேண்டும்; அதனோடு 12ஐக் கூட்டி 25 என அறியவேண்டும். மேசையருகே அமர்ந்திருப்போர்க்கு இஃது எளிது. குளிரும் அமுக்கமும் சேர்ந்த ஆழத்திலே, நைதரசன் மூளையை மந்தப்படுத்தும் நிலையிலே, இச்சிறு கணக்கும் பிழைத்துப்போகும். முப்பது மீற்றர் ஆழத்துக்கு அப்பால் இம்மயக்கம் பலருக்குப் புலப்படத் தொடங்குகின்றது. வளையமோ நினைவின் வேலையையும் கணக்கின் வேலையையும் தானே ஏற்றுக்கொள்கின்றது. இதுவே அதன் முழுப் பயன்.

மூச்சே கடிகாரமாயிருந்த காலம்

நம் நாட்டுச் சுழியோடிகளுக்குப் பழங்காலத்தில் கடிகாரம் தேவைப்படவில்லை. மன்னார்க் கடலின் பார்களிலே முத்துக் குளித்தோர் காலிற் கல்லைப் பிணித்துக் கயிற்றின் துணையோடு இறங்கினர். ஒரு நிமிடம் அல்லது அதற்குச் சற்று மேல் அடியில் நின்று, சிப்பிகளைக் கூடையிற் சேர்த்தபின், கயிற்றை அசைத்து மேலே வந்தனர். அவர்தம் மூச்சே அவர்க்குக் கடிகாரம். நேரம் வந்ததும் பெரும்பாலும் மார்பே அறிவித்துவிடும்.

பிரான்சிலே கூஸ்தோவும் காஞானும் 1943இல் அக்குவாலங் என்னும் சுவாசக் கருவியை ஆக்கியதன் பின் நிலைமை மாறிற்று. முதுகிலே காற்றுக் குப்பியைச் சுமந்தவன் ஆழத்திலும் இயல்பாக மூச்சு விடுகின்றான். ஆகவே மார்பு எச்சரிப்பதில்லை. ஆனால் இரு அபாயங்கள் நிமிடக்கணக்கில் வளர்ந்துகொண்டே இருக்கின்றன.

முதலாவது, காற்று முடிதல். கடலில் ஒவ்வொரு பத்து மீற்றர் ஆழத்துக்கும் ஏறக்குறைய ஒரு வளிமண்டல அமுக்கம் கூடுகின்றது. மேற்பரப்பில் 60 நிமிடம் போதுமான காற்று, 20 மீற்றர் ஆழத்தில் அமுக்கம் மும்மடங்காதலால் 20 நிமிடத்துக்கே போதும். 30 மீற்றரில் 15 நிமிடத்துக்கே போதும்.

இரண்டாவது, நைதரசன். ஆழத்தில் மூச்சோடு உட்சென்ற நைதரசன் குருதியிலும் தசையிலும் கரைகின்றது. அளவுக்கு மேற் கரைந்த நிலையில் விரைந்து மேலெழுந்தால், சோடாப் போத்தலைத் திறந்தாற்போல அது குமிழிகளாக வெளிப்படும். மூட்டுவலி, கால் விழுதல், உயிரிழப்பு ஆகியவை இதனால் நேர்வன. நெடுங்காலம் வழக்கிலிருந்த அமெரிக்கக் கடற்படை அட்டவணையின்படி, இடையிலே தங்காமல் நேரே மேலெழ விரும்புவோர் 60 அடி ஆழத்தில் 60 நிமிடம் நிற்கலாம். 100 அடியில் 25 நிமிடம். 130 அடியில் 10 நிமிடமே. ஆழம் இருமடங்கினும் சற்று மிகுந்தவுடன் காலம் ஆறிலொன்றாகச் சுருங்குவதைக் காண்க. மட்டக்களப்புக் கடலிலே 1942ஆம் ஆண்டு ஏப்பிரல் 9ஆந் திகதி யப்பானிய விமானங்களால் மூழ்கடிக்கப்பட்ட ஹேர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் ஏறக்குறைய 53 மீற்றர் ஆழத்திற் கிடக்கின்றது. அவ்வாழத்துக்கு அவ்வட்டவணை தந்த காலம் ஐந்து நிமிடம். அங்கே ஒரு நிமிடப் பிழையும் சிறு பிழையன்று.

வளையம் பிறந்த வரலாறு

சுழலும் வளையம் முதலிற் கடலுக்காகப் பிறந்ததன்று, வானுக்காகப் பிறந்தது. அமெரிக்கக் கடற்படை அலுவலராகிய பிலிப் வான் ஹோர்ன் வீம்ஸ் என்பார் விமானிகளுக்கு வழியறியும் கலையைப் பயிற்றியவர். கடிகாரத்தை நிறுத்தாமலே, வானொலி நேரக் குறிப்போடு செக்கன் கணக்கை ஒப்பச்செய்யும் முறையை அவர் வகுத்தார். அம்முறைக்கென லொஞ்ஜின் நிறுவனம் செய்த கடிகாரங்களில், 1930களில், வெளிப்புறச் சுழல் வளையம் இடம்பெற்றது.

சுழியோடிகளுக்கான வளையம் 1953ஐ ஒட்டி உருப்பெற்றது. சுவிற்சலாந்தின் பிளாங்பான் நிறுவனத்தை நடத்திய ழான் ழாக் ஃபியெஷ்தர் தாமே சுழியோடுபவர். நீரடியில் நேரத்தை மறந்து, காற்று முடியும் நிலையை ஒருமுறை அடைந்த அனுபவம் அவருக்கு இருந்தது. பிரெஞ்சுக் கடற்படையின் நீரடிப் போர்வீரர் பிரிவை அமைத்த றொபேர் மலூபியே, குளோட் றிஃபோ என்னும் இருவரும் தம் வீரர்க்குத் தகுந்த கடிகாரம் தேடி வந்தபோது அவ்வனுபவம் பயன்பட்டது. அவ்வாறு வந்த கடிகாரத்துக்கு 'ஐம்பது பாகம்' என்னும் பொருள்படும் 'ஃபிஃப்ரி ஃபாதம்ஸ்' என்று பெயர். ஐம்பது பாகம் 300 அடி, அஃதாவது ஏறக்குறைய 91 மீற்றர். தற்செயலாகத் திரும்பாதவாறு அதன் வளையத்துக்குப் பூட்டும் வைத்தனர். அதே காலத்தில் றோலெக்ஸ் நிறுவனத்தின் சப்மறீனரும் தோன்றியது. யப்பானிய செய்க்கோ நிறுவனம் 1965இல் இத்துறையிற் புகுந்தது. 1967இல் டொக்சா நிறுவனம் வளையத்தின் ஓரத்தில் ஆழத்தையும் அதற்குரிய நிமிட எல்லையையும் இரு வரிசையாகப் பொறித்து, வளையத்தையே சிறு அட்டவணையாக்கிற்று.

நம் இலங்கைக் கரையிலும் அக்காலத்தில் சுழியோடும் கலை விறுவிறுப்படைந்தது. 1956 முதல் இந்நாட்டில் வாழ்ந்த ஆதர் சி. கிளார்க்கும் அவர் நண்பர் மைக் வில்சனும் அதிலே முன்னின்றனர். தென்கடலிலே மகா இராவணன் கோட்டை என வழங்கும் பெரும் பாரில், 1961ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், வில்சனும் இரு அமெரிக்கச் சிறுவரும் ஒளரங்கசீப் காலத்துச் சூரத்து வெள்ளி நாணயங்களைக் கண்டெடுத்தனர். அவ்வரலாற்றைக் கிளார்க் 1964இல் நூலாக வெளியிட்டார். அலை மோதும் அத்தகைய பாரிலே இரு கையும் கல்லைப் பற்றியிருக்கும். கண்ணோ வெள்ளியை நாடியிருக்கும். ஆசை மிகுந்த இடத்திலே நேரம் விரைவிற் கழியும். ஒரே நோக்கில் விடை சொல்லும் வளையத்தின் அருமை அங்கேதான் விளங்கும்.

நல்ல வளையத்தின் இலக்கணம்

முதலாவது இலக்கணம்: ஒருபக்கச் சுழற்சி. நல்ல வளையம் இடஞ்சுழியாக மட்டுமே திரும்பவேண்டும். ஏன் என்பதை எண் கொண்டு காண்போம். நிமிட முள் 10இல் நிற்கையில் இறங்கியவர் பூச்சியத்தை 10இல் நிறுத்தினார். முள் 30ஐ அடையும்போது உண்மையிற் கழிந்தது 20 நிமிடம். இடையிலே வளையம் எதிலேனும் மோதி ஐந்து நிமிடப் பிரிவு நகர்ந்தது என்க. அது இடஞ்சுழியாக நகரின், பூச்சியம் 5இல் நிற்கும். வளையம் 25 நிமிடம் என்று காட்டும். சுழியோடி ஐந்து நிமிடம் முந்தியே மேலே வருவார். இழப்பு ஐந்து நிமிட வேலை. அது வலஞ்சுழியாக நகரின், பூச்சியம் 15இல் நிற்கும். வளையம் 15 நிமிடம் என்று காட்டும். இன்னும் நேரம் உண்டு என்று அவர் நிற்பார். இழப்பு உயிராகவும் இருக்கலாம். ஆகவே வளையம் நகர்வதை முற்றாகத் தடுக்க இயலாவிடினும், நகர்ந்தால் நன்மைப் பக்கமாகவே நகரவேண்டும் என்று பொறியறிஞர் விதித்தனர். வளையத்தின் அடியிலுள்ள பற்களில் ஒரு வில் சாய்வாகப் பதிந்து, ஒரு திசைக்கு இடங்கொடுத்து மறு திசையைத் தடுக்கின்றது. நம் நண்பரின் கடிகாரத்திலிருந்து அகற்றப்பட்டது இவ்வில்லே. முற்காலத்து வளையங்களுட் பல இருபுறமும் திரும்பின. ஒருபக்கச் சுழற்சி அனுபவத்தால் வந்தது. ஒமேகா நிறுவனம் 1970இல் வெளியிட்ட ஆழ்கடற் கடிகாரம் ஒன்றிலே வேறு வழியைக் காண்கிறோம்: அதன் செந்நிறப் பொத்தானை அழுத்தினாலன்றி வளையம் அசையாது. வழி இரண்டாயினும் நோக்கம் ஒன்றே.

இரண்டாவது: தானத்தில் நிற்றல். வளையம் படிப்படியாக, ஒவ்வொரு படியிலும் 'டிக்' என்ற உணர்வோடு திரும்பவேண்டும். சிலவற்றில் ஒரு சுற்றுக்கு 60 படிகள். பலவற்றில் 120 படிகள். 60 எனின் ஒரு படி 6 பாகை, அஃதாவது ஒரு நிமிடம். 120 எனின் 3 பாகை, அஃதாவது அரை நிமிடம். படி நுண்ணிதாயின் குறியை முள்ளுக்கு நேரே நிறுத்துதல் எளிது. படிகளின் தொகையினும் முக்கியமானது ஆட்டமின்மை. நிறுத்தியபின் முன்னும் பின்னும் ஆடும் வளையம் 120 படி உடையதாயினும் நம்பத்தக்கதன்று. பூச்சியத்தைப் பன்னிரண்டுக்கு நேரே கொணர்ந்தால் முக்கோணம் சரியாக அங்கே அமைதலும் வேண்டும்.

மூன்றாவது: பிடி. நனைந்த கையும் குளிரில் விறைத்த விரலும் கையுறையும் வளையத்தைத் திருப்பவேண்டியவை. எனவே விளிம்பிலே நாணய ஓரம் போன்ற வரிகளோ அலைபோன்ற வளைவுகளோ இருத்தல் நன்று. வளையம் கடிகாரக் கூட்டினும் மயிரளவு அகன்றிருப்பின் விரலுக்கு அகப்படும்; மிக அகன்றிருப்பின் சட்டைக் கையிலும் கயிற்றிலும் மாட்டும். இறுக்கமும் அவ்வாறே: மிக இளகியது தானே நகரும், மிக இறுகியது தேவைப்படும்போது திரும்பாது.

நான்காவது: தெளிவு. கடிகாரங்களுக்கான சர்வதேச நியமம் 6425 முதலில் 1982இலும், பின் 1996, 2018 ஆகிய ஆண்டுகளிலும் வெளியாயிற்று. சுழியோடியின் கடிகாரத்தில் நேரத்தைக் குறித்துவைக்கும் சாதனம் இருத்தல் வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு குறியேனும் தெளிவாய் இருத்தல் வேண்டும். அச்சாதனம் தற்செயலாக நகராதவாறு காக்கப்படவேண்டும். முழு இருளில் 25 சென்ரிமீற்றர் தூரத்திலிருந்து நேரம் வாசிக்கத்தக்கதாதல் வேண்டும் என்பன அதன் விதிகளுட் சில. ஒளிர்வுக்கு முன்னாளில் இரேடியம் பூசினர், பின்னர் திரித்தியம், 1990களிலிருந்து கதிர்வீச்சற்ற ஒளிர்பொருள்கள் வழக்கில் வந்துள்ளன. முக்கோணத்தின் புள்ளி உதிர்ந்துவிட்டால் வளையம் இருளிலே ஊமையாகிவிடும். நிறத்திலும் கருத்து வேண்டும். நீர் செந்நிற ஒளியை முதலில் உறிஞ்சிவிடுகின்றது. கடையிலே பளிச்சென்று தோன்றும் சிவப்புக் குறி சில மீற்றர் ஆழத்திற் கருத்துப்போகும். கறுப்பின்மேல் வெள்ளை எங்கும் விளங்கும்.

ஐந்தாவது: உழைப்பு. எண்கள் பொறித்த மேற்றகட்டை முற்காலத்தில் பேக்லைற்றினாற் செய்தனர், அது வெடித்தது. அலுமினியம் கீறுபடும், வெயிலில் நிறம் மங்கும். ஆயினும் மலிவானது, மாற்றத்தக்கது. பீங்கான் கீறுபடாது, மங்காது. கல்லிலே வீழ்ந்தால் உடையலாம். உருக்கிலே ஆழமாகச் செதுக்கி நிறமூட்டியது நீண்டநாள் உழைக்கும். சில கடிகாரங்களில் மேற்றகடு செயற்கை நீலக்கல்லாலாயது. இரத்தினபுரியிலே தோண்டியெடுக்கும் நீலக்கல்லும் இதுவும் பொருளால் ஒன்றே. இரண்டும் அலுமினிய ஒட்சைட்டுப் பளிங்கு.

ஆறாவது: சுத்தஞ் செய்யத்தக்க தன்மை. வளையம் கடிகாரக் கூட்டின் வெளியே இருப்பது. நீர் அதனடியிற் புகுவது இயல்பு. கடலோரத்தில் உப்பும் மணலும் அங்கே தங்கும். தேயிலை ஸ்டோரிலோ, உருளையினின்று வடியும் கொழுந்துச் சாறும் தும்பும் சேர்ந்து பசைபோல் இறுகும். முடியைத் திருகி மூடியபின் நன்னீரில் நனைத்து, மெல்லிய தூரிகையால் விளிம்பைத் துலக்கி, வளையத்தை ஓரிரு முறை முழுச்சுற்றாகத் திருப்பினாற் போதும்.

தேயிலைத் தொழிற்சாலையில்

இனி நம் மலைநாட்டுத் தொழிலுக்கு இவ்வளையம் எவ்வளவு பொருந்தும் என ஆராய்வோம். பழைய உருளை முறையில் ஓர் உருட்டு ஏறக்குறைய அரை மணி நேரம் நடைபெறும். பின் சலித்து முதற்றூளைப் பிரித்து, எஞ்சியதை மீண்டும் உருளையில் இடுவர். உலர்த்தியிலே தேயிலை ஏறக்குறைய 20 நிமிடம் செல்லும். இவ்விரண்டுக்கும் 60 நிமிட வளையம் நன்கு பொருந்தும்.

புளிக்கவைத்தல் அத்தகையதன்று. கொழுந்தின் கலங்கள் நசுங்கியவுடனே ஒட்சியேற்றம் தொடங்கிவிடுகின்றது. ஆதலாற் புளிக்கும் காலத்தை உருட்டத் தொடங்கிய நேரத்திலிருந்தே கணக்கிடுவர். உயர்நிலத் தேயிலைக்கு அது இரண்டு மூன்று மணி வரை செல்லலாம். வெப்பமும் ஈரப்பதனும் அதனை மாற்றும். இங்கே 60 நிமிட வளையம் மயக்கம் தரும். முள் வளையத்தில் 20இல் நின்றால், கழிந்தது 20 நிமிடமோ, 80 நிமிடமோ, 140 நிமிடமோ என்று வளையம் கூறாது. பன்னிரு மணிப் பிரிவுடைய வளையமாயின், பூச்சியத்தை மணி முள்ளுக்கு நேரே நிறுத்தி மணிக்கணக்கை வாசிக்கலாம். ஆனால் மணி முள் ஒரு மணிக்கு 30 பாகையே நகர்கின்றது. 120 படி வளையத்தில் ஒரு படி, அம்முள்ளின் கணக்கில் ஆறு நிமிடம். ஆகவே வாசிப்பு அத்துணை நுண்ணிதாகாது.

நம் நண்பர் கையாண்ட முறை வேறு. அது சிறந்த முறையே. தூள் வெளியேறவேண்டிய நிமிடத்தில் முன்கூட்டியே பூச்சியத்தை நிறுத்திவிடுதல். முள் 10இல் நிற்கையில் இன்னும் 25 நிமிடம் வேண்டுமாயின் பூச்சியத்தை 35இல் வைக்கவேண்டும். முள்ளும் குறியும் கூடும் வேளையே எழும் வேளை. இம்முறையிலும் இடஞ்சுழி நகர்வு எச்சரிக்கையை முந்தச் செய்யும். வலஞ்சுழி நகர்வு பிந்தச் செய்யும். ஆகவே ஒருபக்க வில் இங்கேயும் காவலாகும்.

முந்திய எச்சரிக்கையால் என்ன தீங்கு? டீமேக்கர் வந்து தூளை முகர்ந்து பார்ப்பார், நிறத்தை நோக்குவார், இன்னும் பச்சை மணம் உண்டெனில் சற்றே பொறுப்பார். பிந்திய எச்சரிக்கைக்கோ பரிகாரம் இல்லை. தேநீருக்குத் துலக்கமும் விறுவிறுப்பும் தரும் தியாஃபிளேவின் என்னும் பொருள் ஓர் உச்சத்தை அடைந்தபின் குறையத் தொடங்கிவிடும். குறைந்ததை எந்த மூக்காலும் எந்தக் கையாலும் மீட்க முடியாது. சுழியோடியின் கணக்கும் டீமேக்கரின் கணக்கும் இங்கே ஒன்றுபடுகின்றன: எப்பக்கத்துப் பிழையைத் திருத்த முடியாதோ, அப்பக்கத்தை அடைத்தல் வேண்டும்.

ஆயினும் ஒரே இரவில் பல தூள்கள் புளித்துக்கொண்டிருக்கும். ஒரு வளையம் ஒரு காலத்தையே நினைவில் வைக்கும். ஆதலாற் கரும்பலகையில் ஒவ்வொரு தூளின் தொடக்கமும் எழுதப்படவேண்டும். வளையம் அடுத்து வெளியேறுவதற்கு மட்டும் உரியது.

மலைநாட்டு நீர்நிலைகளில்

மலைநாட்டிலே சுழியோடுவோர் உண்டோ என்று வினவலாம். உண்டு. 1965இல் காசல்றீ, 1969இல் மவுசாக்கலை என இரு பெரும் நீர்த்தேக்கங்கள் அற்றன் அருகே எழுந்தன. பழைய மஸ்கெலியா நகரம் மவுசாக்கலை நீரில் மறைந்தது. நீர் வற்றும் காலங்களில் அந்நகரத்துக் கோயில், விகாரை, பள்ளிவாசல் ஆகியவற்றின் எச்சங்கள் வெளித்தோன்றுவதை நாம் கண்டிருக்கின்றோம். நீரில் மூழ்கினோரைத் தேடக் கடற்படைச் சுழியோடிகள் இத்தகைய நீர்த்தேக்கங்களுக்கு அழைக்கப்படுவதும் நாம் அறிந்ததே.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. சுழியோடும் அட்டவணைகள் கடல் மட்டத்துக்கு வகுக்கப்பட்டவை. கடல் மட்டத்துக்கு 300 மீற்றருக்கு மேலுள்ள நீர்நிலைகளுக்குத் திருத்தம் வேண்டும் என்பது பொதுவிதி. ஏறக்குறைய 1,100 மீற்றர் உயரத்தில் வளியமுக்கம் கடல் மட்டத்தினதில் 0.88 பங்கே. ஆதலின் அங்கே 20 மீற்றர் ஆழம், நன்னீரின் அடர்த்தி பற்றிய சிறு திருத்தத்தை விடுத்தால், கடலில் 23 மீற்றருக்கு ஒப்பாகும். வளையம் நிமிடத்தைச் சரியாகவே காட்டும். ஆயின் எத்தனை நிமிடம் தகும் என்பதை அது அறியாது. அஃது அறிவின் வேலை.

நம் இளைஞர்க்கு மற்றொரு எச்சரிக்கையும் கூறவேண்டும். திருகோணமலையிலே சுழியோடிவிட்டு அன்றே நுவரெலியாவுக்கு வண்டியேறுதல் ஆபத்தானது. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. உடலில் எஞ்சிய நைதரசனுக்கு அவ்வேற்றம் விமானப் பயணத்தை ஒத்தது. விமானப் பயணத்துக்கு முன், இடைத்தங்கல் தேவைப்படாத ஒரு முழுக்குக்குப் பின் 12 மணி நேரமும், பல முழுக்குகளுக்குப் பின் 18 மணி நேரமும் காத்திருக்குமாறு நிபுணர் கூறுவர். அதே ஒழுங்கை மலையேறுவோரும் கைக்கொள்ளுதல் அறிவுடைமை.

1980களிலிருந்து ஆழத்தையும் நேரத்தையும் சேர்த்துக் கணிக்கும் மின்கருவிகள் பரவியுள்ளன. இன்று சுழியோடிகளுக்கு அவையே முதற்றுணை. ஆயினும் மின்கலம் தீர்ந்துபோதல் கூடும். அவ்வேளையில் வளையம் இரண்டாந் துணையாக நிற்கும். உயிர் தங்கியிருக்கும் கணக்கை இரு வழியாற் பார்த்தல் நன்று.

வாங்குவோர் செய்யத்தக்க சோதனை

கடையிலே நின்று ஐந்து சோதனைகள் செய்யலாம். வளையம் இடஞ்சுழியாக மட்டும் திரும்புகின்றதா என்று பார்க்க. நிறுத்தியபின் பெருவிரலால் இருபுறமும் தள்ளி ஆட்டம் உண்டா என நோக்குக. பூச்சியம் பன்னிரண்டுக்கு நேரே நிற்கின்றதா எனக் காண்க. கையை நனைத்துத் திருப்பிப் பார்க்க. கடிகாரத்தை வெளிச்சத்திற் காட்டியபின் போர்வைக்குள்ளோ பெட்டிக்குள்ளோ வைத்து முக்கோணப் புள்ளி தெரிகின்றதா எனப் பார்க்க. விலையுயர்ந்த பெயர் பொறித்த கடிகாரம் இவற்றில் தவறுவதும் உண்டு. எளிய விலைக் கடிகாரம் தேறுவதும் உண்டு.

முடிவுரை

நம் நண்பர் மீண்டும் வில் பொருத்துவித்தார். இப்போது அக்கடிகாரத்தை அவர் பேரன் அணிகின்றான். "ஏன் தாத்தா இது மறுபக்கம் திரும்பாது?" என்று அவன் கேட்டபோது, "திரும்பாமல் இருப்பதுதான் அதன் வேலை" என்று விடையளித்ததாக நம்மிடம் கூறி மகிழ்ந்தார். பழுதென்று தோன்றும் ஒன்றைத் திருத்த முற்படுமுன், அஃது எதற்காக அவ்வாறு அமைந்தது என்று வினவுதல் கல்வியின் பயன்களுள் ஒன்று. நம் கல்லூரி நமக்குப் பயிற்றிய வினாவும் அதுவே.

மாணவர் பயிற்சிக்கு

1. நிமிட முள் 50இல் நிற்கையில் பூச்சியம் அதற்கு நேரே நிறுத்தப்பட்டது. முள் 15ஐ அடையும்போது வளையம் காட்டும் எண் யாது?

2. 120 படி வளையம் ஒன்று, நிறுத்தியபின் மூன்று படி இடஞ்சுழியாக நகர்ந்தது. உண்மையில் 20 நிமிடம் கழிந்தபோது அது எவ்வளவு காட்டும்? இப்பிழை எப்பக்கத்தது?

3. மேற்பரப்பில் 60 நிமிடத்துக்குப் போதுமான காற்று, கடலில் 15 மீற்றர் ஆழத்தில் எத்தனை நிமிடத்துக்குப் போதும்?

விடைகள்: 1. 25. 2. இருபத்தொன்றரை நிமிடம், நன்மைப் பக்கத்தது. 3. 24 நிமிடம்.